நாலாவது வாளி

வேலைக்கு ஆள் எடுக்கிறவர் எடுத்த எடுப்பிலேயே, "உனக்கு இங்கே சொந்தம் யார்?" என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? கருப்பாயிக்கும் வந்தது. கோணிப்போன வலது மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருமில்லீங்க தொரை."

"அப்பன், அம்மா?"

"ரெண்டு பேருமே தவறிட்டாங்க."

"புருஷன்?"

"போன வருசம் காய்ச்சல்ல போயிட்டாரு."

"நல்லது," என்றார் துரை.

ஒருத்திக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை, தாலி கட்டியவனும் இல்லை என்று கேட்டுவிட்டு, நல்லது என்கிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவர் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தமிழ் தெரியும், தமிழர்களைத்தான் தெரியாது. சொந்தபந்தம் உள்ளவள் சொந்தக்காரியைக் காட்டிக் கொடுக்க மாட்டாள் என்பது அவர் கணக்கு. அதனால்தான் தோட்டம் முழுக்கச் சலித்து, ஒண்டிக்கட்டையாக இருந்த இவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

அது முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. மலாயாவில் லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த அந்தச் சின்னத் தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆபீஸ் கதவில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். பால் குறைந்தவர்கள், நோயாளிகள், கைகால் விளங்காதவர்கள் பேரெல்லாம் அதில் இருக்கும். அதில் பேர் வந்தால் ரயில், ரயிலுக்குப் பிறகு கப்பல், கப்பலுக்குப் பிறகு நாகப்பட்டினம். 'ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். கருப்பாயி பிறந்தது தங்காக் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். கடலைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. பார்த்தே இராத ஊருக்கு ஒருத்தியை எப்படி ஐயா திருப்பி அனுப்புவது? அங்கே இறங்கினால் 'வா' என்று சொல்ல ஒரு நாதி இல்லை. இந்தப் பயம் மூன்று மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்புதான் அவள் விழுந்தாள். மழையில் ஊறிய செம்மண் மேட்டில், இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து இறங்கும்போது கால் வழுக்கி, மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கோணலாகக் கூடியது. பால் வெட்டும் உளியை அந்தக் கையால் இனிப் பிடிக்க முடியாது. அடுத்த காகிதத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கிராணி ஸ்டானிஸ்லாஸ் சொல்லி அனுப்பினார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். முன்பு பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி இருந்தது. அது உடைந்துவிட்டது. விலை விழுந்திருக்கும்போது புதுக் கருவி வாங்கித் தர முடியாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஆகவே கண்ணாடிக்குப் பதிலாக ஒரு கை வேண்டும், அதுவும் அரைப் பேருக்கு. முழு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் முழுப் பேர் விழும், அரை நாள் செய்தால் அரைப் பேர்.

தரையில் ஐந்து வாளிகள் வரிசையாக இருந்தன. வாளிகளின் நம்பர் தெரியாதபடி சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பால் வெட்டியவர்கள் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போய்விட்டார்கள். மேசைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழுப்பு நிறச் சின்ன சீசா ஒன்று இருந்தது.

"ஏம்மா கருப்பாயி, நல்லாக் கேட்டுக்க," என்றார் கிராணி. "ஒவ்வொரு வாளியா கைய விட்டுப் பாத்து, எதுல என்ன கலந்திருக்குன்னு சொல்லணும். நீ சொல்லி முடிச்சப்புறம் நாங்க இந்த மருந்துல ஒரு சொட்டு அஞ்சு வாளியிலும் விடுவோம். கஞ்சி கலந்திருந்தா நீலமாயிடும். ஒளிக்கப் பாக்காத."

"மருந்தே சொல்லிடும்னா நான் எதுக்குங்க?"

"மருந்து கஞ்சியத்தான் காட்டும். வாய்க்காத் தண்ணியக் காட்டாது."

"பேசினது போதும். பார்," என்றார் துரை.

கருப்பாயி குந்தி உட்கார்ந்து இடது கையை முதல் வாளியில் விட்டாள். இரண்டு விரலால் பாலைத் தேய்த்துப் பிரித்தாள். நூல் நூலாக இழுத்தது.

"சுத்தம்."

இரண்டாவது வாளியைக் கலக்கிப் பார்த்தாள். "மழத்தண்ணி. பட்டையில வழிஞ்சு எறங்கியிருக்கு. நெறத்தப் பாருங்க, சாயா ஊத்துன மாதிரி இருக்கு. இது மரத்து மேல குத்தம், வெட்டுனவங்க மேல இல்ல."

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி தலையாட்டினார்.

மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. "வாளிய அலசிட்டுச் சரியாக் கவுக்கல. அரக் குவள தண்ணி நின்னுருக்கும். வேணும்னு ஊத்துனது இல்ல."

"கெட்டிக்காரி," என்றார் துரை. அந்தச் சொல்லில் கருப்பாயிக்கு லேசாக உயிர் வந்தது. இன்னும் இரண்டு வாளிதான், அதோடு கப்பல் போயிற்று என்று நினைத்துக்கொண்டே நாலாவதில் கையை விட்டாள்.

விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. பால் இழுக்கவில்லை, விரலுக்கிடையில் மாவு மாதிரி நெருடியது. கஞ்சி. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மெல்லக் குனிந்தபோது வெந்தய வாசனை மூக்கில் ஏறியது.

அந்த வாசனையை அவள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதே கஞ்சியைத்தான் காலையில் அவளும் குடித்துவிட்டு வந்திருந்தாள். கை ஒடிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றுகிறவள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். மொத்த லயத்திலும் பிள்ளை பெற்று ஐம்பது நாள் ஆனவள் அவள் ஒருத்திதான், தாய்ப்பால் ஊற வெந்தயம் போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறவளும் அவள் ஒருத்திதான். வேறு எவளாக இருந்தாலும் வெறும் கஞ்சியை ஊற்றியிருப்பாள். பேச்சியம்மாள் வீட்டில் இருந்ததோ ஒரே சட்டி. அடிப் பாவி மகளே, ஊற்றுவதுதான் ஊற்றினாய், இதையா ஊற்ற வேண்டும் என்று கருப்பாயியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஏன் ஊற்றினாள் என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷன் காளியப்பன் காஹாங் பக்கம் மரம் இழுக்கும் வேலை தேடிப் போய் ஐந்து மாதமாகிறது, ஒரு தகவலும் இல்லை. பேச்சியம்மாள் விடிகாலையில் உளியோடு காட்டுக்குப் போவாள். நடுவில் பிள்ளை கிடக்கும் ஆயாக் கொட்டகைக்கு ஓடி வந்து மார் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடுவாள். அவள் திரும்புவதற்குள் பாதி மரத்தில் பால் நின்றுவிடும். வாளி நிறையாது. நிறையாத வாளிக்காரி பேர் காகிதத்தில் வரும். கைப்பிள்ளையோடு கப்பலேற வேண்டும்.

சொல்லாமல் விட்டால்? மருந்து சொல்லிவிடும். பேச்சியம்மாளும் போவாள், மறைத்ததற்காகக் கருப்பாயியும் போவாள். சொன்னால்? பேச்சியம்மாள் மட்டும் போவாள், தான் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்கிற சொல் ஒரு கணம் தித்திப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். அடுத்த கணமே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"என்ன?" என்றார் துரை. "எந்த வாளியில் கலப்பு? சொல்."

கருப்பாயி வாளியிலிருந்து கையை எடுத்தாள்.

"சொல்றேன் தொரை. அதுக்கு முன்ன வேல என்னன்னு தெரிஞ்சுக்கிறேன்."

கிராணியின் பேனா நின்றது. துரையிடம் திருப்பிக் கேள்வி கேட்ட கூலிக்காரியை அவர் இருபது வருஷ உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

துரைக்கும் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முந்தியது. "பதினோரு மணியிலிருந்து ரெண்டு மணி. அரைப் பேர். நாளைக்கே ஆரம்பம்."

"வீடுங்க?"

"அரைப் பேருக்கு வீடு கிடையாது. முழுப் பேருக்குத்தான் லயத்தில் வீடு."

"அப்ப நான் எங்க படுக்கறது?"

"கம்பத்தில் இடம் பார்," என்றார் துரை, தோட்டத்துக்கு வெளியே இருந்த கிராமத்தின் பக்கம் கையைக் காட்டி.

"கம்பத்துல யாரு தொரை எனக்கு எடம் குடுப்பாங்க? லயத்துல வீடில்லாதவ தோட்டத்துக்கு வெளியாளு. வெளியாளுன்னா ஒரு மாசத்துல அதே ரயிலுதான். இன்னிக்கு அனுப்புறத நீங்க அடுத்த மாசம் அனுப்புறீங்க, அவ்வளவுதான்."

"அவளுக்கு வாய் நீளம்," என்றார் துரை, கிராணியைப் பார்த்து.

"நீளந்தான் சார்," என்றார் கிராணி. முகத்தில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு பாவனை.

கருப்பாயியின் விரல்களில் பால் காய ஆரம்பித்திருந்தது. மெல்லிய தோல்போல் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே எதிர்பார்க்காமல் வாயில் வந்தது.

"எனக்கு முழுப் பேரு வேணாம் தொரை. அரப் பேரே போதும். ஆனா இன்னொரு அரப் பேரும் இருந்தா? அரையும் அரையும் சேந்தா ஒரு முழுப் பேருதானே? ஒரு முழுப் பேருக்கு ஒரு வீடு. அதுல ரெண்டு பொம்பளைங்க இருந்துக்கிறோம்."

"யார் அந்த இன்னொரு பாதி?"

இந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்தினால் காரியம் கெட்டது என்று அவளுக்குப் புரிந்தது. துரையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நாப்பத்தேழாம் நம்பரு பேச்சியம்மாள். கைப்புள்ளக்காரி. புள்ளைக்கும் மரத்துக்கும் ஓடி ஓடி ரெண்டையும் கெடுத்துக்கிட்டு நிக்கிறா. அவ மரத்துல பாதிய எடுத்து நல்லா வெட்டுற ஆளுக்குக் குடுங்க, பால் கூடும். மீதிப் பாதிய அவ வெட்டட்டும். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பேரு போடுங்க. நாங்க இப்ப ரெண்டு வீட்டுல இருக்கோம். ஒண்ணு உங்களுக்கு மிச்சம்."

துரை மேசையில் விரலால் தட்டினார். கூரை ஒழுகுகிறது என்று ஐந்தாம் லயத்தில் நாலு குடும்பம் தினமும் அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வீடு சும்மா கிடைப்பது அவருக்குக் கசக்கவா செய்யும்?

"ஸ்டானிஸ்லாஸ், அப்படிச் செய்யலாமா?"

"செய்யலாம்னும் எங்கயும் எழுதல, செய்யக் கூடாதுன்னும் எழுதல, சார்."

"அந்தப் பொம்பளை சம்மதிப்பாளா?"

"சம்மதிப்பா," என்றாள் கருப்பாயி. பேச்சியம்மாளுக்கு இந்த விஷயமே தெரியாது.

"சரி. ஆனால் ஒன்று. ஒரே பேர் என்றால் ஒரே பேர்தான். ஒருத்தி தப்பு செய்தாலும் ரெண்டு பேரும் போக வேண்டும்."

"சரிங்க தொரை. எழுதச் சொல்லுங்க."

"எழுது," என்றார் துரை.

கிராணி செக்ரோலை இழுத்து, பேனாவை மையில் தோய்த்து, நாற்பத்தேழாம் நம்பர் வரியில் பேச்சியம்மாள் பேருக்குப் பக்கத்தில் கருப்பாயி பேரை நெருக்கி எழுதினார். பேனா கீறும் சத்தம் நிற்கும்வரை கருப்பாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது சொல். எந்த வாளி?"

கருப்பாயி ஐந்தாவதிலும் கையை விட்டுப் பார்த்தாள்.

"நாலாவது. கஞ்சி. அஞ்சாவது சுத்தம்."

கிராணி சீசாவைத் திறந்து ஐந்து வாளியிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். நாலாவதில் மட்டும் சொட்டு விழுந்த இடம் நீலமாகிக் கறுத்தது. துரை திருப்தியோடு எழுந்து வந்து, தானே குனிந்து சாக்கை அவிழ்த்தார். வாளியின் பக்கத்தில் சிவப்புச் சாயத்தில் நாற்பத்தேழு.

துரையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"தெரிந்தே என்னை ஏமாற்றினாய்."

"ஏமாத்தல தொரை." கருப்பாயி நாலாவது வாளியைக் காட்டினாள். "எந்த வாளின்னு கேட்டீங்க, சொன்னேன். யாரு வாளின்னு நீங்க கேக்கல. பொய் சொல்லி அஞ்சாவத காட்டியிருக்கலாம், காட்டல. உங்களுக்கு ஒளிக்காத ஆளுதானே வேணும்? எனக்குக் கஞ்சி ஊத்துனவளையே காட்டிட்டேன், இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒருத்தி தப்பு செய்தால் ரெண்டு பேரும் போக வேண்டும் என்று சொன்னேன்."

"சொன்னீங்க. அவ கஞ்சி ஊத்துனது காலையில. எங்க பேரு இப்பத்தான் பொறந்துச்சு. பொறக்கறதுக்கு முன்ன பண்ண தப்ப அது தலையில கட்டாதீங்க. முழு மரத்தையும் வெட்ட முடியாமத்தான் அவ ஊத்துனா. பாதி மரத்துக்கு ஊத்த வேண்டிய அவசியமில்ல. நாளைக்கு அவ வாளியத்தான் நான் மொதல்ல பாப்பேன், எல்லாரும் பாக்க. ஒரு சொட்டு இருந்தாலும் ரெண்டு பேரையும் ரயிலேத்துங்க."

துரை திரும்பி, "அந்த வரியை அடி," என்றார் கிராணியிடம்.

கிராணி எழுந்து நின்றார். "அடிக்கலாம் சார். ஆனா மையில எழுதியாச்சு. செக்ரோல்ல அடிச்சா பக்கத்துலயே காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். மாசக் கடைசியில கம்பெனி பாத்துட்டுக் கேக்கும். என்ன காரணம்னு எழுதட்டும் சார்?"

ஐந்து நிமிஷத்துக்கு முன் தானே சம்மதித்து எழுதச் சொன்னதை ஒரு கூலிக்காரி மடக்கிவிட்டாள் என்றா கம்பெனிக்கு எழுதுவார்? துரை வாளியைக் காலால் ஓர் உதை விட்டார். நாற்பத்தேழாம் வாளி உருண்டு, பாலெல்லாம் சிமெண்டுத் தரையில் ஓடியது.

"நாளைக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிராணி பேனாவைத் துடைத்தார். "சம்மதிப்பாளா அவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலைங்கய்யா," என்றாள் கருப்பாயி.

துரையைச் சமாளித்தது பெரிதில்லை என்று பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளையை மடியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னையக் காட்டிக் குடுத்துட்டு, என் வீட்டுக்கே குடி வர்றியா?"

"அக்கா, மருந்து காட்டியிருக்கும்க்கா..."

"மருந்து காட்டட்டும். மருந்துக்கு நான் கஞ்சி ஊத்தல."

கதவு சாத்தப்பட்டது. கருப்பாயி தன் வீட்டில் போய்ச் சுருண்டு படுத்தாள். திட்டியது வலிக்கவில்லை, அவள் சொன்னது முழுக்க நியாயமாக இருந்ததுதான் வலித்தது. இன்னொரு பயமும் இருந்தது. வயிற்றெரிச்சலில் நாளைக்கு அவள் வேண்டுமென்றே ஊற்றிக்கொண்டு வந்தால்? அல்லது வராமலே இருந்துவிட்டால்?

மறுநாள் காலையில் கஞ்சி வரவில்லை. கருப்பாயி கேட்கவும் இல்லை. பதினோரு மணிக்குக் கொட்டகையில் பால் வெட்டுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. யாரும் கருப்பாயியிடம் பேசவில்லை, காறித் துப்புவதுபோல் பார்த்தார்கள். துரை தூணோரம் நின்றார்.

வரிசையை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். வாளியைக் கருப்பாயியின் முன்னால் நங்கென்று வைத்தாள். கால் வாளிப் பால்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை.

கருப்பாயி கையை விட்டாள். மூக்கில் வாசனை தேடினாள். உள்ளே இருந்த பயம் எல்லா வாசனையையும் மறைத்தது. விரலால் தேய்த்தாள். முதல் தடவை தெரியவில்லை. இரண்டாம் தடவை தேய்த்து, இரண்டு விரலையும் மெல்ல விரித்துத் துரைக்குத் தெரியும்படி உயர்த்தினாள். விரலுக்கும் விரலுக்கும் நடுவே பால் வெள்ளை நூலாக நீண்டு, அறாமல் நின்றது.

"சுத்தம்," என்றாள்.

துரை சீசாவை நீட்டினார். கிராணி ஒரு சொட்டு விட்டார். மருந்து தன் பழுப்பு நிறத்திலேயே பரவிக் கரைந்தது. "அடுத்த ஆள்," என்றார் துரை. பேச்சியம்மாள் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வந்த வழியே போனாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து கருப்பாயி லயத்துக்குத் திரும்பியபோது, அவள் வீட்டில் ஐந்தாம் லயத்துக் குடும்பம் ஒன்று சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பாயும் தட்டும் பெட்டியும் வாசலில் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டின் முன்னால் நின்றாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. பேச்சியம்மாள் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரே அறை. அதன் நடு உத்தரத்தில்தான் பிள்ளையின் தூளி எப்போதும் தொங்கும். இப்போது நடுவில் தூளி இல்லை. அதை அவிழ்த்துச் சுவரோரமாகக் கட்டி, இன்னொரு பாய் போடுகிற அளவுக்கு இடத்தைப் பெருக்கி விட்டிருந்தாள்.